அமரோவுக்கு வந்த துட்டி

அன்றைக்குக் காலை மாடி ஹாலில் இருந்தவர்கள்: நான். சகாயமேரி டீச்சர். பிளக்ஸ் கடை சுடலை. மைக் செட்காரர். அப்புறம், வாசலில் கயிற்றில் தொங்கிக்கொண்டு, செத்துப்போன ஒருவர்.

அவர் சாகவில்லை. திருவனந்தபுரத்திலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தார்.

பிளக்ஸில் இப்படிப் போட்டிருந்தது. மேலே, கண்ணீர் அஞ்சலி. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. நடுவில் அவர் போட்டோ. கீழே, அமரர் கந்தவேல். அதற்கும் கீழே, மறைவு என்று அன்றைய தேதி. கடைசியாக — மீளாத் துயரில் வாசகர் வட்டம், வண்ணார்பேட்டை. இடமும் நேரமும் மட்டும் சரியாக இருந்தன.

நாங்கள் மீளாத் துயரில் இருக்கிறோம் என்பது எங்களுக்கே அப்போதுதான் தெரிந்தது.

வருகிறவர் பெயர் அமரோ கந்தேலா. ஸ்பெயின் நாட்டு நாவலாசிரியர். டீச்சர் பஸ்ஸில் நின்றுகொண்டே சுடலைக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். பெயர், தேதி, இடம், நேரம் எல்லாம் சொல்லியிருக்கிறார். வண்ணார்பேட்டை பஸ் ஹாரனுக்கு நடுவில் கந்தேலா என்று சொன்னால் யார் காதிலும் கந்தவேல்தான் விழுவார். சரி, அமரோ? நம் ஊரில் பெயருக்கு முன்னால் அப்படி வருகிற வார்த்தை ஒன்றுதானே இருக்கிறது...

“ஏம்லே, வெள்ளைக்காரர் மாதிரி இருக்காரேன்னு ஒனக்குத் தோணலியா?” என்றேன்.

“அண்ணாச்சி, வாற போட்டோ எல்லாத்தையும் வெள்ளையாக்கித்தான அடிக்கோம். கேட்டு வாங்குதாவ. இவரு ஏற்கெனவே வெள்ளையா இருந்தாரு. வேலை மிச்சம்னு நெனச்சேன்.”

“நாவலாசிரியர்னு டீச்சர் சொல்லலியா?”

“சொன்னாவ. நாவல்னா பழம். ஆசிரியர்னா வாத்தியார். ரெண்டும் சேந்து எனக்கு வெளங்கல. எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன். ஆளு சிரிக்கவும் இல்ல பாத்துக்கிடுங்க.”

அவன் கடையில் முறை அதுதான். சிரிக்கிற போட்டோ வந்தால் கல்யாணம், இல்லை கட்சி. சிரிக்காத போட்டோ வந்தால் அஞ்சலி. நடுவில் ஒரு டிசைன் கிடையாது.

டீச்சர் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவர் எதற்கும் உட்காருகிற ஆள் இல்லை.

ஏன் உட்கார்ந்தார் என்று சொல்ல வேண்டும்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். எட்டாவது வரை படித்தவன். மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். காயிலுக்கு வார்னிஷ் ஊற்றினால் காய நேரம் எடுக்கும். அந்த நேரத்தில் படிக்கிறவன். அவ்வளவுதான். டீச்சர் அப்படி இல்லை. திசையன்விளைக்குத் தெற்கே, கடற்கரை ஊர். அவருடைய தம்பி கப்பலில் சமையல்காரர். யாரோ கேபினில் விட்டுவிட்டுப் போன இங்கிலீஷ் புத்தகம் ஒன்றை லீவுக்கு வரும்போது கொண்டுவந்து கொடுத்தார். கந்தேலாவின் நாவல். டீச்சர் படித்தார். பிறகு தமிழில் எழுத ஆரம்பித்தார். ஆறு வருஷம். பிள்ளைகள் பரீட்சைத் தாள் திருத்துகிற நேரம் போக மீதி நேரமெல்லாம் அதற்குத்தான்.

எழுதி முடித்து, அவருக்கே கடிதம் போட்டார். பதில் வந்தது. நான் கேரளாவுக்கு ஒரு விழாவுக்கு வருகிறேன், உங்கள் ஊருக்கும் வருகிறேன், ஒரு நிபந்தனை இருக்கிறது என்று.

நிபந்தனை என்ன? அதற்கு அவர் கதை தெரிய வேண்டும். டீச்சர் எனக்குச் சொன்னதைச் சொல்கிறேன்.

ஸ்பெயினின் வடக்கே ஒரு கடற்கரை ஊர். அப்பா கடலுக்குப் போனார், வரவில்லை. பையன் பன்னிரண்டு வயதில் கம்பெனிக்குப் போனான். சாளை மீனை டப்பாவில் அடைக்கிற கம்பெனி. அவனுக்கு ஐஸ் சுமக்கிற வேலை. மீன் அடுக்குவது எல்லாம் பெண்கள். ஒருத்திக்கும் எழுத்துத் தெரியாது. நீ ஐஸ் சுமக்க வேண்டாம், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீ படித்துக் காட்டு என்றார்களாம்.

பேப்பர் படித்தான். பிறகு ஒரு பழைய நாவல். அது முடிந்துபோனது. வேறு புத்தகம் கிடையாது. என்ன செய்வான்? அதே புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, இல்லாத கதையைப் படித்தான். வாயில் வந்ததைச் சொன்னான். பல நாள் கழித்து ஒரு கிழவி கேட்டாளாம் — தம்பி, கதை இவ்வளவு தூரம் போய்விட்டது, நீ இன்னும் அதே பக்கத்தில் இருக்கிறாயே?

அன்றைக்கு எழுத்தாளன் ஆனவர்.

அப்போது அந்த நாட்டில் சர்வாதிகாரி. முதல் நாவலைத் தடை செய்தார்கள். வெளிநாட்டில் அச்சாகி, துணிமூட்டைக்குள் ஊருக்கு வந்தது. சில மாதம் ஜெயில். சர்வாதிகாரி போனார். இவர் இருந்தார். இருபதுக்கு மேல் நாவல். பரிசுகள். பள்ளிக்கூடத்தில் பாடம். மனைவி போன பிறகு சில வருஷம் ஒரு வரி எழுதவில்லை. அப்புறம் மறுபடி எழுதினார். எத்தனை பெரிய ஆள் ஆனாலும் ஒரு பழக்கத்தை விடவில்லை. புது நாவல் எழுதினால் முதலில் புத்தகம் படிக்காதவர்கள் முன்னால் வாசிப்பார். மீன் சந்தை, பஸ் டிப்போ... எழுந்து போய்விட்டார்கள் என்றால் கிழித்துப் போட்டுவிடுவார்.

மொழிபெயர்ப்புக்கும் அதேதான். ஒரு அத்தியாயத்தை உங்கள் மொழியில் வாசியுங்கள். கேட்கிறவர்கள் புத்தகம் படிக்கிற பழக்கம் இல்லாதவர்களாக இருக்க வேண்டும். நான் பார்ப்பேன். பிடித்தால் அங்கேயே அனுமதித் தாளில் கையெழுத்து. ஒரு நாட்டில் கையெழுத்துப் போடாமல் திரும்பிப் போயிருக்கிறார்.

எங்கள் வட்டத்தில் இருப்பவர்கள் எல்லோருமே புத்தகப் பைத்தியங்கள். நாங்கள் உதவ மாட்டோம். அதனால் டீச்சர் தன் ஊர்க்காரர்களைச் சொல்லி வைத்திருந்தார். ஒரு வேன் நிறைய ஆள்.

பிளக்ஸைப் பார்த்து நாங்கள் முழித்துக்கொண்டிருக்கும்போதே டீச்சருக்குப் போன் வந்தது. ஊரிலிருந்து. கேட்டார். ‘சரிண்ணே’ என்றார். வைத்துவிட்டார்.

“வரலியாம்,” என்றார்.

“ஏன்?”

“விடியக்காலம் சாளை நல்லாப் பட்டிருக்காம். ஊரே கரையில நிக்கி.”

சாளை மீன் கம்பெனியில் பிறந்த கதையைக் கேட்க ஆள் இல்லை. காரணம், சாளை. யாரைக் குற்றம் சொல்வது?

நான் கீழே இறங்கி ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டேன். கதையா, சவாரி போயிரும் என்றார்கள். நியாயம்தான். திரும்பி வந்து, முதலில் பிளக்ஸையாவது அவிழ்ப்போம் என்று ஏணியில் ஏறினேன். வருகிறவருக்கு எண்பதுக்கு மேல் வயது. தன் படத்துக்கு இரண்டு பக்கமும் விளக்கு எரிவதைப் பார்த்தால் நெஞ்சு தாங்குமா?

ஒரு கயிற்றை அறுத்தேன். கீழே யாரோ வேட்டியைத் தழைத்துவிட்டு நின்றார்கள். நாலைந்து பேர். ஒருவர் கையில் மாலை.

“கந்தவேல் அண்ணாச்சி துட்டி இங்கனதான?” என்றார். துட்டி என்றால் எங்கள் பக்கத்தில் சாவு, துக்கம்.

ஏணி ஆடியது. நான் சுடலையைப் பார்த்தேன். அவன் சுவரைப் பார்த்தான்.

“என்னலே செஞ்ச?”

“நேத்து சாயங்காலமே ஸ்டேட்டஸ் வச்சேன் அண்ணாச்சி. நம்ம வேலைய நாலு பேரு பாக்கணும்லா. எடுத்து எடுத்து குரூப்ல போட்டுட்டாவ. மறைவு தேதி மறுநாள்னு ஒருத்தரும் பாக்கல.”

கந்தவேல் அண்ணாச்சியை இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். ராதாபுரம், திசையன்விளை பக்கமிருந்து கருப்பட்டி வாங்கி வண்ணார்பேட்டையில் விற்றவர். கடையை விட்டுவிட்டு ராதாபுரத்தில் இருக்கிறார். நல்ல சிவப்பு. வழுக்கை, பெரிய மூக்கு, வெள்ளை மீசை. போனில் அந்தச் சின்னப் படத்தைப் பார்த்தால்... ஆமாம், கொஞ்சம் அப்படித்தான் இருந்தது. போன் போட்டுக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். நீங்கள் கேட்பீர்களா? செத்துவிட்டாரா என்று வீட்டுக்குப் போன் போட்டு?

பஸ் பஸ்ஸாக வந்தார்கள். பனையேறினவர்கள், கருப்பட்டி காய்ச்சின பெண்கள், மூட்டை தூக்கினவர்கள். ஒரு சத்தமும் இல்லாமல் மாடி ஏறினார்கள். செருப்பை ஒதுக்கிப் போட்டார்கள். தரையில் உட்கார்ந்தார்கள். ஹால் நிறைந்துகொண்டே வந்தது. எங்கள் வட்டம் தொடங்கி இத்தனை வருஷத்தில் அந்தத் தரையை நான் காலியாக மட்டுமே பார்த்திருக்கிறேன். உயிரோடு இருக்கிற எழுத்தாளனுக்கு வராத கூட்டம், சாகாத வியாபாரிக்கு வந்துவிட்டது.

டீச்சர் என் கையைப் பிடித்தார். “அண்ணே... இவங்க இருந்தா போதும்ணே.”

“பொய் சொல்லி இருத்தவா?”

கையை விட்டுவிட்டார். “வேண்டாம். நீங்களே சொல்லிருங்க.”

நான் மைக்கைப் பிடித்தேன். பேசிப் பழக்கமில்லை. “கந்தவேல் அண்ணாச்சி சாகல. பிளக்ஸ் தப்பு,” என்றேன். அதற்கு மேல் என்ன சொல்வது?

யாரும் நம்பவில்லை. “குடும்பத்துல ஏதோ சண்டை போலருக்கு. மறைக்காவ,” என்றார் ஒருவர் பக்கத்திலிருப்பவரிடம்.

அப்போது படியில் பெரிய சத்தம்.

“எவம்லே எனக்கு மாலை வாங்கினது?”

கந்தவேல் அண்ணாச்சியேதான். சட்டைப் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தார். காலையில் பல் துலக்கிக்கொண்டு வாசலில் நின்றிருக்கிறார். மாலையோடு ஒருவர் வந்து, ‘அண்ணாச்சிய எங்கன வச்சிருக்கு?’ என்று அவரிடமே கேட்டிருக்கிறார். விசாரித்து, கிடைத்த காரில் ஏறி வந்துவிட்டார்.

ஹாலில் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. எல்லோரும் ஒரே நேரத்தில் விட்டது.

“அண்ணாச்சி! உசுரோட இருக்கீரு!”

“ஏன் வே, இருக்கப்பிடாதா?”

முன்வரிசையில் ஒரு கிழவி. ராதாபுரத்துக்காரி. அதுவரை கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். இப்போது அழுதாள். “பாவி மட்ட... பஸ்ல ஒத்தக் கால்ல நின்னு வந்தேன்யா ஒமக்கு...”

“செத்தேன்னு சொன்னப்ப அழல. இருக்கேன்னு பாத்து அழுதியாக்கும்?” என்றார் அண்ணாச்சி. அவர் கண்ணும் சரியில்லை. துண்டால் துடைத்துக்கொண்டார். யார் யார் வந்திருக்கிறார்கள் என்று ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். தன் துட்டிக்கு யார் வந்தார்கள் என்று பார்க்கிற வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்? நிதானமாகப் பார்த்தார்.

கூட்டம் எழுந்திருக்க ஆரம்பித்தது. வேலை முடிந்ததே. டீச்சர் ஓடிப்போய் அண்ணாச்சி முன்னால் நின்றார். மூன்றே வாக்கியத்தில் சொன்னார். வெளிநாட்டு எழுத்தாளர், தமிழில் வாசிக்க வேண்டும், ஆள் இல்லை.

“ஆக, எனக்கு வந்த கூட்டம் அவருக்கு வேணும்.”

“ஆமா அண்ணாச்சி.”

“எவ்வளவு நேரம்?”

“முக்கா மணி நேரம்.”

அண்ணாச்சி திரும்பினார். “வே, நான் செத்திருந்தா எவ்வளவு நேரம் உக்காந்திருப்பீரு?”

ஒருவர் தலையைச் சொறிந்தார். “தூக்குத வரைக்கும் அண்ணாச்சி.”

“அப்ப உக்காரும். பைய போலாம்.”

உட்கார்ந்தார்கள்.

நான் பிளக்ஸைப் படம் உள்பக்கமாகச் சுருட்டினேன். சுடலையை அதன் மேல் உட்காரச் சொன்னேன். கார் வந்து நின்றது. ஜங்ஷனில் வரவேற்கப் போயிருந்த எங்கள் வட்டத்துக்காரர்களோடு கந்தேலா படி ஏறி வந்தார். மெலிந்த ஆள். கம்பு ஊன்றி நடந்தார். தரை நிறைய ஆட்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். ஓரத்தில் குவிந்து கிடந்த மாலைகளைப் பார்த்தார். ஒன்றை எடுத்து முகர்ந்து, தலையைக் குனிந்து போட்டுக்கொள்ளப் போனார். கந்தவேல் அண்ணாச்சி எட்டிப் பிடுங்கினார்.

“அது வேண்டாம் வே. ஒமக்கு வேற வாங்கித் தாறேன்.”

அவருக்குத் தமிழ் தெரியாது. இவருக்கு வேறெதுவும் தெரியாது. இரண்டு வழுக்கையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன.

டீச்சர் வாசித்தார். முதல் பக்கம் குரல் நடுங்கியது. தொமாசா என்று ஒருத்தி, மீன் கம்பெனியில் வேலை. கடல் தாண்டிப் போன புருஷன் பதினொரு வருஷம் கழித்து வந்து கதவைத் தட்டுகிறான். அவள் திறக்கவில்லை. அடுப்பில் சாளை வறுபடுகிறது. உள்ளே இருந்தபடியே கேள்வி கேட்கிறாள். என் புருஷன் தட்டுவதற்கு முன்னால் இருமுவானே, நீ இருமவில்லையே... அவன் வெளியே நின்று இருமுகிறான். இப்போது இருமினால் சரியாகிவிடுமா என்கிறாள்.

“தெறக்காதட்டி!” என்று ஒரு பெண் கத்தினாள்.

“பாவம் வே, வெளிய குளிரும்லா,” என்றார் ஒருவர்.

“குளிரட்டும். பதினோரு வருசம் இவளுக்குக் குளிரலியா?”

“ஏட்டி, சும்மா இரு. டீச்சர் படிக்கட்டும்.”

டீச்சர் குரல் நடுங்குவது நின்றது. கந்தேலா டீச்சரைப் பார்க்கவே இல்லை. ஆட்களையே பார்த்தார். ஒருவர் போன் அடித்து எழுந்தார். கந்தேலாவின் கண்ணும் கூடவே எழுந்தது. ஆனால் அண்ணாச்சி எழுந்தவரின் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்துவிட்டார்.

அத்தியாயம் முடிந்தது. கதவு திறக்கவில்லை.

“பெறவு?” என்றாள் கிழவி.

“அடுத்த அத்தியாயத்துல வருது.”

“அதப் படியேன்.”

டீச்சர் கந்தேலாவைப் பார்த்தார். அவர் பேனாவைக் கையில் எடுத்தார். திறக்கவில்லை. இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார். கம்பெனியில் சங்கு ஊதினதும் அந்தப் பெண்கள் எப்படிக் கிளம்புகிறார்கள் என்று நான் பார்ப்பேன். பிடித்திருந்தால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள். பிடிக்கவில்லை என்றால் பேசாமல் போவார்கள். இவர்கள் கிளம்பட்டும்.

டீச்சர் முகம் வெளுத்தது.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். துட்டிக்கு வந்தவர்கள் சொல்லிக்கொண்டு போக மாட்டார்கள். போயிட்டு வாரேன் என்கிற வார்த்தையை அங்கே சொல்லக்கூடாது. எழுந்து, துண்டை உதறி, பேசாமல் நடந்துவிட வேண்டும். காலம் காலமாக அப்படி. அதை ஸ்பெயின்காரருக்கு யார் சொல்வது? சொன்னால் பிளக்ஸையும் சொல்ல வேண்டும்.

முதலில் பின்னால் இருந்த இருவர் எழுந்தார்கள். துண்டை உதறினார்கள். பேசாமல் படி இறங்கினார்கள். பழக்கம். கந்தேலா பார்த்துக்கொண்டிருந்தார். பேனாவைச் சட்டைப் பைக்குக் கொண்டுபோனார். டீச்சர் தன் தாள்களை அடுக்க ஆரம்பித்தார். ஆறு வருஷத்துத் தாள்கள். ஓரம் சரியாகச் சேரவில்லை. மறுபடி தட்டி அடுக்கினார்.

அந்தக் கிழவி முட்டியில் கை ஊன்றி எழுந்தாள். வாசல்வரை போனாள். நின்றாள். திரும்பி அண்ணாச்சியைப் பார்த்தாள்.

“ஏ, நீரு சாகலல்லா... நான் பாட்டுக்குச் சொல்லாமப் போறேனே,” என்றாள்.

திரும்பி வந்தாள். அண்ணாச்சியிடம் சொன்னாள். பிறகு கந்தேலா முன்னால் நின்று, அவர் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்தாள்.

“போயிட்டு வாரேன்யா.”

அதற்குப் பிறகு வரிசைதான். ஒவ்வொருவராக வந்தார்கள். அண்ணாச்சிக்கு ஒரு போயிட்டு வாரேன், கந்தேலாவுக்கு ஒன்று. படி இறங்கிப்போன அந்த இரண்டு பேரையும் யாரோ மேலேயிருந்து கூப்பிட்டார்கள். ஏறி வந்து சொல்லிவிட்டுப் போனார்கள்.

கந்தேலா டீச்சரிடம் கேட்டார். என்ன சொல்கிறார்கள்?

“போய்விட்டு வருகிறோம் என்கிறார்கள்.”

“எப்போது வருவார்கள்?”

“அவள் கதவைத் திறக்கிற அன்றைக்கு,” என்றார் டீச்சர்.

பேனா பையிலிருந்து வெளியே வந்தது. அனுமதித் தாளில் முழுப் பெயரையும் போட்டார். டீச்சர் அதன் மேல் ஊதிக்கொண்டே இருந்தார். மை எப்போதோ காய்ந்துவிட்டது.

பிளக்ஸ் விஷயம் அவருக்கு இன்றுவரை தெரியாது. இந்தப் பத்திரிகை ஸ்பெயின் வரைக்கும் போகாது என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.

நான் வாசலில் நின்று எண்ணினேன். சொல்லிக்கொண்டு போனவர்கள் நாற்பத்தொரு பேர்.